நன்றி ஸ்லைடை யாரும் படிப்பதில்லை

1951 நவம்பரில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் தன் டிஎன்ஏ எக்ஸ்-கதிர் ஆய்வைப் பற்றிப் பேசினார். கூட்டத்தில் ஜேம்ஸ் வாட்சனும் இருந்தார். அவர் குறிப்பு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. டிஎன்ஏ மாதிரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற எண்ணைத் தப்பாக நினைவில் வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். அதை நம்பி அவரும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் கட்டிய முதல் டிஎன்ஏ வடிவ மாதிரியில் மூன்று இழைகள் இருந்தன, பாஸ்பேட்டுகள் நடுவில். பார்க்க வந்த ஃபிராங்க்ளின் அது ஏன் தவறு என்று அங்கேயே சொல்லிவிட்டார். சரியான இரட்டைச் சுருள் 1953-இல்தான் வந்தது.

மரபியல் கருத்தரங்குக்குப் போகிற மாணவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதனால் மிக எளிது: எண்களை எழுதிக்கொள்ளுங்கள். கதை எப்படியும் மனதில் நிற்கும். எத்தனை எலிகள், எத்தனை குடும்பங்கள், எந்த செல் வரிசை, எந்த வயதில் எடுத்த திசு என்பவைதான் அரங்கை விட்டு வெளியே வருவதற்குள் மறந்துபோகும். கைபேசியில் ஸ்லைடைப் படமெடுத்தால் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம். வெளியாகாத தரவைக் காட்டுகிறவர்கள் பலர் அதை விரும்புவதில்லை. வெளியாகாத ஆய்வுகளைப் பேசும் சர்வதேசக் கூட்டங்களான கார்டன் ஆய்வு மாநாடுகளில் படமெடுப்பதற்கும் பதிவு செய்வதற்கும் தடையே உண்டு. தவிர, எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கிறவர்கள் குறைவு. தாளை நெடுக்கில் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் பேச்சாளர் சொன்னதையும் வலப்பக்கம் உங்களுக்குப் புரியாததையும் எழுதுங்கள். வலப்பக்கத்திலிருந்துதான் கேள்வி பிறக்கும்.

முன்தயாரிப்புக்கு அரைமணி நேரம் போதும். பேச்சாளரின் சமீபத்திய கட்டுரை ஒன்றையோ பயோஆர்க்கைவ் இணையதளத்தில் இருக்கும், இதழில் வெளியாகும் முன் போட்ட முன்வரைவையோ எடுத்து, சுருக்கத்தையும் முதல் படத்தையும் மட்டும் பாருங்கள். எந்த உயிரி, எந்த மரபணு, எந்த முறை என்று மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். முழுக் கட்டுரையையும் படித்துவிட்டுத்தான் போவேன் என்று தீர்மானிக்கிறவர்கள் கடைசியில் எதையும் படிக்காமல் போகிறார்கள்.

ஒரு மணி நேரக் கருத்தரங்கில் பேச்சு 45 முதல் 50 நிமிடம், மீதி கேள்விகள். முதல் பத்து நிமிடம் பொதுப் பின்னணி. அது உங்களுக்காகவே வைக்கப்பட்டது. கடைசிப் பத்து நிமிடம் பெரும்பாலும் அரங்கில் இருக்கும் நான்கைந்து பேருக்கானது. நடுவில் வழி தவறினால் தலைகுனிந்து கைபேசியைப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல பேச்சாளர் ஒவ்வொரு பகுதி முடிவிலும் இதுவரை சொன்னதை ஒரு படமாகச் சுருக்கிக் காட்டுவார். அங்கே மறுபடியும் ஏறிக்கொள்ளலாம்.

இனி, தரவுப் படங்களை எப்படிப் பார்ப்பது. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலில் n, அதாவது மாதிரிகளின் எண்ணிக்கை. திரையில் "n = 60" என்று இருந்தால், அறுபது எவை? மூன்று எலிகளிலிருந்து இருபது இருபது செல்களை எண்ணியிருந்தால் உண்மையான n மூன்றுதான். ஒரே எலியின் செல்கள் ஒன்றுக்கொன்று சொந்தம். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால், உண்மையில் வித்தியாசம் இல்லாதபோதும் இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பான பி-மதிப்பு பொய்யாகச் சிறுத்துவிடும். ஆர்என்ஏவின் எழுத்து வரிசையைப் படித்து மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்று அளக்கும் ஆர்என்ஏ வரிசையறிதலிலும் இதே வம்புதான். ஒரே ஆர்என்ஏவை மூன்று முறை ஓட்டுவது கருவியின் துல்லியத்தைக் காட்டும், உயிரியல் மாறுபாட்டைக் காட்டாது. தனித்தனி உயிரிகளிலிருந்து குறைந்தது மூன்று மாதிரிகள் என்பது வழக்கத்தில் உள்ள கீழ்வரம்பு. அதுவும் சிறிய மாற்றங்களைப் பிடிக்கப் போதாது.

அடுத்தது தொகுதி விளைவு, அதாவது ஒன்றாக ஓட்டிய மாதிரிகளெல்லாம் ஒருபோல மாறிப்போவது. நோயாளிகளின் மாதிரிகள் எல்லாம் மார்ச்சிலும், ஆரோக்கியமானவர்களின் மாதிரிகள் எல்லாம் ஜூனிலும் ஓட்டப்பட்டிருந்தால், தெரிகிற வித்தியாசம் நோயினுடையதா, மாதத்தினுடையதா? இரண்டும் முழுமையாகப் பின்னிப்போன பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஓட்டும் முன்பே ஒவ்வொரு தொகுதியிலும் இரு தரப்பையும் கலந்து வைத்திருக்க வேண்டும். "மாதிரிகளைத் தொகுதிகளுக்கு எப்படிப் பங்கிட்டீர்கள்?" என்ற கேள்வியை இளநிலை மாணவர் கேட்டாலும் அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

ஜீவாஸ் எனப்படும், பலருடைய டிஎன்ஏ மாறுபாடுகளை ஒரு நோயோடோ பண்போடோ ஒப்பிடும் முழு மரபணுத்தொகுதித் தொடர்பாய்வில், கட்டடங்கள் வரிசையாக நிற்பதுபோல் ஒரு படம் வரும். மன்ஹாட்டன் வரைபடம் என்று பெயர். குறுக்கே ஒரு கோடு ஓடும். அது பி-மதிப்பின் வரம்பு, 5 × 10⁻⁸. வழக்கமான 0.05-ஐ, ஏறத்தாழ பத்து லட்சம் தனித்தனிச் சோதனைகளால் வகுத்தால் கிடைப்பது. கோட்டைத் தாண்டிய கோபுரத்தின் மேல் ஒரு மரபணுவின் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் அது அருகில் இருக்கும் மரபணு, அவ்வளவே. உடல் பருமனோடு தொடர்புள்ள மாறுபாடுகள் எஃப்டிஓ மரபணுவின் உள்ளே இருப்பதாக 2007-இல் தெரியவந்தது. அவை தொலைவில் உள்ள ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன என்று 2014, 2015 ஆய்வுகள் காட்டின. அதோடு, ஆய்வில் பங்கேற்றவர்கள் எந்த வம்சாவளி என்பதையும் கேளுங்கள். இதுவரை நடந்த ஜீவாஸ் ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து நடந்தவை. அதிலிருந்து கணக்கிடும், பல மாறுபாடுகளைச் சேர்த்து நோய் வாய்ப்பைச் சொல்லும் பன்மரபணு மதிப்பெண் பிற மக்களிடம் துல்லியம் குறைந்துபோகிறது.

டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கருவி கொண்டு ஒரு மரபணுவை முடக்கியதாகச் சொன்னால் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். வெட்டும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏக்களில் குறைந்தது இரண்டு வெவ்வேறானவை ஒரே விளைவைத் தந்தனவா? மரபணுவைத் திருப்பிக் கொடுத்ததும் பழைய நிலை மீண்டதா? இரண்டுக்கும் "ஆம்" என்றால், வேறு இடத்தில் தவறி வெட்டியதால் வந்த விளைவு என்ற சந்தேகம் பெரிதும் குறையும். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் படமென்றால் டிஎன்ஏ போடாத குழாயின் தடம் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் படத்திலிருந்து வெட்டியே எடுத்துவிட்டிருந்தால் அதையும் கவனியுங்கள்.

ஒரு சிறு ஆதங்கம். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு எக்ஸ் குரோமோசோமில் பரவுவது என்று முதலாண்டிலேயே பாடம் எடுக்கும் துறை இது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு அது உண்டு. ஆனாலும் மரபியல் ஸ்லைடுகளில் ஒளிரும் செல்கள் இன்னும் சிவப்பிலும் பச்சையிலும்தான் வருகின்றன. மெஜந்தாவும் பச்சையும் என்று மாற்றுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

கேள்வி கேட்பது பற்றி: ஒரே வாக்கியம், ஒரே கேள்வி. "அருமையான உரை, எனக்கு இரண்டு கேள்விகளும் ஒரு கருத்தும் உண்டு" என்று தொடங்குகிறவர் மற்றவர்களின் நேரத்தைத் தின்கிறார். புரியாததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், "மூன்றாவது படத்தில் ஒப்பீட்டுக் குழு எது?" என்பது நல்ல கேள்வி. கூட்டத்தை நடத்துகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. முதல் கேள்வியை ஆண் கேட்டால், அடுத்து வரும் கேள்விகளில் பெண்களின் பங்கு குறைகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வொன்று கண்டது. முதல் வாய்ப்பை மாணவி ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள், மீதி நேரத்தின் போக்கே மாறக்கூடும்.

உரை முடிந்து கைதட்டும்போது திரையில் நன்றி ஸ்லைடு நிற்கும்: பத்திருபது பெயர்கள், ஒரு குழுப்படம், நிதி கொடுத்த அமைப்புகளின் சின்னங்கள். சரியாக அந்த நேரத்தில்தான் எல்லோரும் பையைத் தேடுவார்கள். என்ன வேலைக்குப் போவது என்று யோசிக்கும் மாணவருக்கு முழு உரையிலும் அதைவிடப் பயனுள்ள ஸ்லைடு கிடையாது என்பது என் கட்சி. மேடையில் நிற்பவர் செய்வது ஒரு வேலை. திரையில் இருப்பவை இருபது. மரபியல் படித்தால் பேராசிரியர் ஆகலாம், இல்லாவிட்டால் ஆசிரியர் ஆகலாம் என்று இரண்டே கதவுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பெயர்களுக்கு எதிரே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

வரிசையறிதல் மையம் என்று ஒரு வரி இருக்கும். அங்கே இருப்பவர்கள் மற்ற ஆய்வகங்கள் கொண்டுவரும் டிஎன்ஏ, ஆர்என்ஏ மாதிரிகளைச் சோதித்து, வரிசையறிதலுக்கு ஏற்ற துண்டுகளாக (இதற்கு நூலகம் என்று பெயர்) தயாரித்து, கருவியில் ஏற்றுகிறவர்கள். தூய்மையைக் காட்டும் 260/280 விகிதம் (260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) டிஎன்ஏவுக்கு 1.8, ஆர்என்ஏவுக்கு 2.0 அருகில் இருக்கிறதா என்பது முதல் பார்வை. ஆனால் விகிதம் சரியாக இருந்தும் அளவு தப்பாக இருக்கலாம், ஏனென்றால் ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவிக்கு டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் ஒளிர்சாயத்தால் மறுபடி அளக்கிறார்கள். கைத்திறனும் பொறுமையும் உள்ளவர்களுக்கு நல்ல வேலை. ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதும் தலைவலி பெரும்பாலும் இல்லை.

பகுப்பாய்வு என்ற பெயருக்கு எதிரே இருப்பவர் உயிர்த்தகவலியலாளர். லினக்ஸ், ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி, நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் இந்த மூன்றும் கைவந்திருக்க வேண்டும். கருவி தரும் ஃபாஸ்ட்க்யூ கோப்பில் தொடங்கி, மரபணுத்தொகுதியோடு பொருத்திய பாம் வழியாக, மாறுபாடுகளைப் பட்டியலிடும் விசிஎஃப் வரை ஒரு மாதிரியைத் தனியாகக் கொண்டுபோகத் தெரிந்தால் நேர்காணலில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, எங்கே சறுக்கும் என்று தெரிந்திருப்பது. மனித மரபணுத்தொகுதியின் 37-ஆம் பதிப்பில் உள்ள இடஎண்ணை 38-ஆம் பதிப்பில் தேடினால் வேறெங்கோ போய் நிற்பீர்கள், மென்பொருள் எச்சரிக்கக்கூடச் செய்யாது. எக்செல்லில் மரபணுப் பட்டியலைத் திறந்தால் செப்ட்2 என்ற பெயர் செப்டம்பர் 2 என்று தேதியாகிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு இறங்கிவந்து அவற்றின் பெயரையே மாற்றியது. செப்ட்2 இன்று செப்டின்2.

மருத்துவமனை ஆய்வகம் இன்னொரு உலகம். குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்த வெள்ளணுக்களைப் பிரியத் தூண்டி ஏறத்தாழ 72 மணி நேரம் வளர்த்து, கோல்செமிட் சேர்த்துப் பிரிவை நடுவில் நிறுத்தி, 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் உப்பவைத்து, மூன்றுக்கு ஒன்று மெத்தனால்-அசிட்டிக் அமிலத்தில் நிலைப்படுத்தி, கண்ணாடியில் சொட்டுவிடுவார்கள். சொட்டு சீக்கிரம் காய்ந்தால் குரோமோசோம்கள் விரியாமல் கொத்தாக நிற்கும். குரோமோசோமின் பட்டைகளை வெளிக்கொணரும் ட்ரிப்சின் நொதி அதிகமானால் பட்டைகள் கலைந்துவிடும், குறைந்தால் தெரியவே தெரியாது. அறையின் ஈரப்பதத்தைக்கூடக் கவனிக்க வேண்டிய வேலை இது. பொதுவாக 20 செல்களை எண்ணிப் பார்த்த பிறகே அறிக்கை போகும். அதே கட்டடத்தில், வரிசையறிதலில் கிடைத்த மாறுபாடுகளைத் தரம் பிரிக்கிறவர்களும் இருப்பார்கள். 2015-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்படி ஐந்து வகை: நோய் உண்டாக்குவது, அநேகமாக உண்டாக்குவது, உறுதியில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுவில் இருக்கும் வகைதான் எல்லோரையும் படுத்துவது.

அந்த "உறுதியில்லாதது" என்ற வார்த்தையை ஒரு குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லும் வேலை மரபியல் ஆலோசகருடையது. இந்தத் தொழிலுக்கு ஷெல்டன் ரீட் 1947-இல் பெயர் வைத்தார். முதல் முதுநிலைப் படிப்பு 1969-இல் அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. மூன்று தலைமுறை வம்ச வரைபடம் போடுவதும் நோய் அதே குடும்பத்தில் மறுபடி வரும் மறுநிகழ்வு வாய்ப்பைக் கணக்கிடுவதும் கற்றுக்கொள்ளக்கூடியவை. எதிரே இருப்பவர் அழும்போது அடுத்த வாக்கியத்தை எப்போது தொடங்குவது என்பது எல்லோருக்கும் வராது. சேர்க்கைக் குழுக்கள் தொண்டு அமைப்புகளிலோ உதவித் தொலைபேசியிலோ வேலை பார்த்த அனுபவத்தைக் கேட்பது அதனால்தான். மதிப்பெண்ணை மட்டும் நம்பி விண்ணப்பிக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பயிர் இனப்பெருக்கம் நிதானக்காரர்களுக்கு. ஒரு நோயெதிர்ப்பு மரபணுவை நல்ல ரகத்துக்குள் கொண்டுவர, கலப்புச் செடியை நல்ல ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலக்கும் பின்கலப்பைத் தொடர்ந்து செய்ய வேண்டும். முதல் பின்கலப்பில் நல்ல ரகத்தின் பங்கு சராசரி 75 சதவீதம், இரண்டாவதில் 87.5, ஆறாவதில் 99-ஐத் தாண்டும். ஆனாலும் விரும்பிய மரபணுவுக்கு இருபுறமும் ஒட்டிக்கொண்டு வரும் துண்டு எளிதில் போகாது, அதில்தான் விளைச்சலைக் கெடுக்கும் மரபணு ஒளிந்திருக்கும். டிஎன்ஏ குறிப்பான்களை வைத்து, துண்டு சிறியதாக உடைந்த செடிகளைப் பொறுக்கினால் சில தலைமுறைகள் மிச்சமாகும். தடய அறிவியல், காப்புரிமை, தரவுத்தளங்களில் கட்டுரைகளைப் படித்துப் பதிவேற்றும் தொகுப்பாளர் பணி, கருவியை வாங்கியவர்களுக்கு இயக்கக் கற்றுத்தரும் கருவி நிறுவனங்களின் பயன்பாட்டு நிபுணர் ஆகியவையும் உண்டு. கடைசியில் சொன்னதற்குப் பயணம் பிடித்திருக்க வேண்டும்.

மேடையில் நிற்பவரின் பாதையையும் சொல்லிவிட வேண்டும். பிஎச்.டி., அதன்பின் ஒன்றிரண்டு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), பிறகு சொந்த ஆய்வகம். பிஎச்.டி. முடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மூன்றாவது படி கிடைப்பதில்லை. இடங்கள் அவ்வளவு இல்லை. கிடைத்தவரும் அதற்குப்பின் பிப்பெட்டைத் தொடுவது அபூர்வம். நிதி விண்ணப்பம், ஆள் எடுப்பது, பிறர் எழுதியதைத் திருத்துவது என்று நாள் போகும். ஆய்வு மேசை பிடிக்கும் என்பதற்காகப் பேராசிரியர் ஆக நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

வேலைவாய்ப்புக் கலந்துரையாடல் நடத்தும் மாணவர் மன்றங்கள் இதனால் ஒன்றைச் செய்யலாம். நான்கு பேராசிரியர்களை உட்காரவைக்காமல், நன்றி ஸ்லைடில் நான்கு வெவ்வேறு வேலைகளில் உள்ளவர்களை அழையுங்கள். "உங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அரைமணி நேரம் சுயசரிதை வரும். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். வேலையின் உண்மை முகம் அதில் தெரிந்துவிடும். அழைப்பை மூன்று மாதம் முன்னே அனுப்புங்கள். தேதி, கால அளவு, கேட்பவர்கள் எந்த ஆண்டு மாணவர்கள், பயணச் செலவு யாருடையது, எல்லாம் முதல் மின்னஞ்சலிலேயே இருக்க வேண்டும். ஏப்ரல் 25 டிஎன்ஏ நாள். அதைச் சுற்றிய வாரத்தில் நல்ல பேச்சாளர்களுக்கு அழைப்புகள் குவியும் என்பதால் மற்ற மாதங்களில் எளிதாகக் கிடைப்பார்கள்.

மாநாட்டு இடைவேளைகளை வீணான நேரம் என்று நினைக்க வேண்டாம். 1972-இல் ஹொனலூலுவில் பாக்டீரியாவின் வட்டவடிவ டிஎன்ஏவான பிளாஸ்மிட் பற்றி நடந்த கூட்டத்தில் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் பேசிக்கொண்டதில்தான் மரபணுவை வெட்டி ஒட்டும் கூட்டுவேலை தொடங்கியது. ஒருவரிடம் பிளாஸ்மிட் இருந்தது, மற்றவரிடம் வெட்டும் நொதி இருந்தது. ஜெனிஃபர் டௌட்னாவும் எமானுவேல் ஷார்பான்டியேவும் 2011-இல் போர்ட்டோ ரிக்கோ மாநாட்டில் சந்தித்தார்கள். 2012-இல் கிரிஸ்பர் கட்டுரை வந்தது, 2020-இல் நோபல். இரண்டு இடத்திலும் ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. மாணவரிடம் கொடுக்க என்ன இருக்கும் என்று தோன்றலாம். "எனக்கு ஆரில் படம் வரையத் தெரியும், ஈக்களை ஆண், பெண் என்று பிரிக்கத் தெரியும்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தாலே போதும். 1911-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஈ ஆய்வகத்தில் இருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்ட்வென்ட் இளநிலை மாணவர்தான். தரவை வீட்டுக்கு எடுத்துப்போய், வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஒரே இரவில் உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார்.

போஸ்டர் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: பலகையின் அளவை முதலில் கேளுங்கள். ஏ0 தாள் 841 × 1189 மில்லிமீட்டர். அதைப் படுக்கைவாக்கில் வடிவமைத்துக்கொண்டு ஒரு மீட்டர் அகலப் பலகைக்கு முன்னால் போய் நின்றால், ஓரம் இரண்டும் காற்றில் ஆடும். எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். பார்க்க வருபவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும்படி பேசிப் பழகுங்கள். மீதியை அவர் கேட்பார்.

போலி மாநாடுகளிலும் ஏமாற வேண்டாம். "மதிப்பிற்குரிய டாக்டர்" என்று இளநிலை மாணவருக்கு வரும் மின்னஞ்சல், மரபியல் முதல் பல் மருத்துவம் வரை ஒரே கூட்டம், பெயர் தெரியாத குழு, சுருக்கம் அனுப்பிய ஓரிரு நாளில் ஏற்பு, உடனே கட்டணம். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே விலகிவிடலாம்.

உரை பிடித்திருந்தால் அடுத்த இரண்டு நாட்களுக்குள் மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பிலேயே உரையின் பொருளும் உங்கள் படிப்பும் இருக்கட்டும். முதல் வரியில் உரையில் கேட்ட ஒரு குறிப்பிட்ட முடிவு, இரண்டாவதில் அதைப் பற்றிய கேள்வி, மூன்றாவதில் நீங்கள் என்ன செய்யத் தெரிந்தவர், நான்காவதில் என்ன வேண்டும், எத்தனை வாரம். 150 சொற்களுக்குள் முடியுங்கள். பயிற்சிக்குக் கேட்டால் எட்டு வாரத்துக்குக் குறையாமல் கேளுங்கள். முதல் நான்கு வாரம் கற்றுக்கொடுப்பதிலேயே போய்விடும் என்பது ஆய்வகத்தாருக்குத் தெரியும், இரண்டு வாரப் பயிற்சிக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். மறுபடியும் மௌனமென்றால் பேராசிரியரை விட்டுவிட்டு நன்றி ஸ்லைடில் முதலில் இருந்த மாணவருக்கு எழுதுங்கள். அநேகமாகப் பதில் போடுவார், ஆய்வகத்தில் இடம் இருக்கிறதா என்பதும் அவருக்குத் தெரியும்.

பிஎச்.டி.க்கு ஆய்வகம் தேர்ந்தெடுக்கும்போதும் அந்த ஸ்லைடே கைகொடுக்கும். மூன்று ஆண்டு இடைவெளியில் அதே குழு நடத்திய இரண்டு உரைகளின் நன்றி ஸ்லைடுகளை வைத்து ஒப்பிடுங்கள். பழையதில் இருந்து புதியதில் இல்லாத பெயர்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். பட்டம் வாங்கி வேறு இடத்துக்குப் போனார்களா, பாதியில் விட்டுப் போனார்களா, முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது வந்ததா, எத்தனை ஆண்டு ஆயிற்று. அவர்களில் ஒருவரிடமாவது, எழுத்தில் அல்லாமல் தொலைபேசியில் பேசுங்கள். எழுத்தில் எல்லோரும் நல்லதையே சொல்வார்கள்.